நூற்றுப் பதினேழாவது ஆள்

நம்பிக்கைக்கு விலையே போட முடியாது என்று சொல்கிறவர்கள் கடை வைத்துப் பார்க்காதவர்கள். அந்த ஆபீஸில் போன செவ்வாய்க்கிழமை அதன் விலை நாற்பத்திரண்டு நிமிஷம். மதியம் ஒன்று பத்து முதல் ஒன்று ஐம்பத்திரண்டு வரை.

அந்த நேரத்துக்குள் கம்பெனியின் கோட், அதாவது அவர்கள் எழுதிய புரோகிராம் மொத்தத்தையும் யாரோ நகல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் ஆஸ்பத்திரிப் பெட்டிகளுக்கு மூளை எழுதிக் கொடுக்கிற கம்பெனி அது. பதினோரு வருஷத்து மூளை. எந்தச் சாவி போட்டுத் திறந்தார்கள் என்பதும் பதிவாகியிருந்தது. ஆபீஸ் முழுக்க 'அக்கா' என்று கூப்பிடும் மூத்த புரோகிராமரின் சாவி.

முதலாளி அவளுக்கு வெள்ளிக்கிழமை நாலு மணி வரை தவணை கொடுத்திருந்தார். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ராஜினாமாவோடு போகலாம், போலீஸ் வராது. ஒப்புக்கொள்ளாவிட்டால் வரும். ஒப்புக்கொண்டவளுக்கு இந்தத் தொழிலில் இனி எவனும் நாற்காலி போடமாட்டான். ஒப்புக்கொள்ளாதவளுக்கு ஸ்டேஷனில் பெஞ்சு தயார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு அக்கா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முதல் ஆள் அண்ணி. இருபது வருஷம் ஆடிட் ஆபீஸில் பிறத்தியார் எழுதிய கணக்கில் தப்புத் தேடிவிட்டு, அப்புறம் பிறத்தியாரிடமே தேடலாம் என்று துப்பறியும் ஆபீஸ் போட்டவள். இரண்டாவது ஆள் அவள் புருஷனின் தம்பி, பட்டப்பெயர் ரீல். துணிக்கடை கவுண்டரில் ஒன்பது வருஷம் நின்று, ஒரு மீட்டர் துணிக்கு மூன்று மீட்டர் பேச்சு கிழித்துக் கொடுத்தவன். அவன் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டே கட்சிக்காரர்களுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

"இதான் என் சீட்டு. அது என் லேப்டாப்" என்றாள் அக்கா.

ஜன்னலோர மேஜை. மேலே கூரையில் கேமரா, நேராக நாற்காலியைப் பார்த்தபடி.

"செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்குத் திரையைப் பூட்டிட்டு சாப்பிடப் போனேன். கேன்டீன்ல எட்டுப் பேரோட இருந்தேன். ரெண்டு மணிக்குத்தான் வந்தேன். கேமராவுல பாத்தாச்சு, இந்த மேஜை பக்கம் ஒரு ஈ கூட வரல. சாவி இந்த லேப்டாப்புக்குள்ள மட்டும்தான் இருக்கு. நகல் கிடையாது. பாஸ்வேர்ட் என் தலைக்குள்ள."

"பெட்டி பூட்டியிருக்கு, பெட்டிக்குள்ள சாவி இருக்கு, அந்தச் சாவியால வேற ஊர்ல கதவு திறந்திருக்கு" என்றான் ரீல். "அண்ணி, இது திருட்டு இல்ல. மேஜிக். டிக்கெட் போட்டுக் காட்டலாம்."

"நீ வாயை மூடினா அதுக்கும் டிக்கெட் போடலாம்" என்றாள் அண்ணி. "கதவு எங்க இருக்கு? படிக்காதவளுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

அக்கா சொன்னாள். கோட் இருக்கும் இடத்தைக் கிடங்கு என்பார்கள். அது வெளியூரில், வாடகைக்கு எடுத்த மெஷினில் இருக்கிறது. நேராக யாரும் அங்கே போக முடியாது. நடுவில் ஒரு மெஷின் காவலுக்கு நிற்கும். ஆபீஸில் அதற்குப் பெயர் வாட்ச்மேன். முதலில் வாட்ச்மேனிடம் போய்ச் சாவி காட்டி உள்ளே நுழைய வேண்டும். அங்கிருந்து கிடங்குக் கதவுக்குப் போய் மறுபடி சாவி காட்ட வேண்டும்.

"வாட்ச்மேனை யார் பாத்துக்கறா?"

"என் தம்பி" என்றாள் அக்கா. அந்தக் குரலில் மட்டும் அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் உயிர் வந்தது. "நான்தான் இங்க சேத்துவிட்டேன். வீட்டுல நாங்க ரெண்டே பேர். அடுத்த வாரம் வெளிநாடு போறான், பெரிய கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவன் எழுந்து வந்தான். முப்பது வயது. நாலு நாள் தாடி. ஆபீஸில் அவனுக்குப் பெயர் பூட்டு.

"எங்க அக்கா எடுக்கலைங்க" என்றான், யாரும் கேட்பதற்கு முன்பே.

"அது தெரிஞ்சுதான் வந்திருக்கோம்" என்றாள் அண்ணி. "செவ்வாய்க்கிழமை நீங்க எங்க?"

"வீட்டுல. காய்ச்சல்."

"நூத்தி ரெண்டு" என்றாள் அக்கா. "நான்தான் மாத்திரை கொடுத்துட்டு ஆபீசுக்கு வந்தேன். வாட்ச்மேன் பதிவேட்டுலயும் அன்னிக்கு இவன் உள்ள வந்ததா ஒரு வரி கிடையாது. முதலாளியே பாத்துட்டார்."

ரீல் தன் கைநோட்டில் பூட்டின் பெயருக்குக் குறுக்கே கோடு போட்டான். நோட்டில் இருந்ததே ஒரு பெயர்தான்.

அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் மேஜைக்கு எதிரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பக்கத்து மேஜைக்கு எதிரிலும் அதே தாள். அந்த வரிசை முழுக்கப் பதினாலு மேஜைக்கும் பதினாலு தாள். 'வாட்ச்மேனிடம் போவது எப்படி' என்று தலைப்பு. கீழே ஒரே ஒரு கட்டளை.

"இந்தக் கட்டளையில நடுவுல ஒரு கோடு, அப்புறம் பெரிய A. அது என்ன?"

அக்கா யோசித்தாள். "தாள்ல இருக்கு. அடிக்கிறோம். சேர்ந்த நாள்ல இருந்து அப்படித்தான்."

"பதினாலு பேர்ல ஒருத்தரும் கேட்டதில்லையா?"

"கடையில 'விதிமுறைகளுக்கு உட்பட்டது'ன்னு போர்டு போட்டிருப்பாங்களே அண்ணி" என்றான் ரீல். "ஒன்பது வருஷம் அதுக்குக் கீழயே நின்னேன். என்ன விதிமுறைன்னு எனக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது."

அண்ணி பூட்டைப் பார்த்தாள். தாள் எழுதியவன் அவன்தான் என்பது அவன் நின்ற நிற்பிலேயே தெரிந்தது.

"வசதிக்குங்க" என்றான் பூட்டு. "வாட்ச்மேன்ல இருந்து கிடங்குக்குப் போக மறுபடி சாவி காட்டணும் இல்லையா. ஆனா சாவி லேப்டாப்ல இருக்கு. சாவியை எடுத்துட்டுப் போய் வாட்ச்மேன்ல வைக்கிறது தப்பு. அதனால A போட்டா, சாவி லேப்டாப்லயே இருக்கும். வாட்ச்மேன்ல இருந்து கேக்கும்போது லேப்டாப் இங்க இருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பிடும்."

"கேக்கறது யாருன்னு லேப்டாப் பாக்குமா?"

பூட்டு வாயைத் திறந்தான். பதில் அக்காவிடமிருந்து வந்தது, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக.

"பாக்காது. அந்த இணைப்பு வழியா வந்தா நான்தான்னு நினைச்சுக்கும்."

"செவ்வாய்க்கிழமை சாப்பிடப் போகும்போது அந்த இணைப்பு திறந்திருந்ததா?"

"திறந்துதான் இருந்தது. வாட்ச்மேன்ல ஒரு பெரிய சோதனை ஓட்டிட்டிருந்தேன். ரெண்டு மணி நேரம் ஆகும். திரையை மட்டும் பூட்டிட்டுப் போனேன்."

அண்ணி அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அதாவது பெட்டியைப் பூட்டிட்டீங்க. ஆனா சாவி பிடிச்ச கையை மட்டும் ஜன்னல் வழியா வாட்ச்மேன் ரூமுக்குள்ள நீட்டி வெச்சுட்டு சாப்பிடப் போயிட்டீங்க. உள்ள இருந்த எவனோ அந்தக் கையைப் பிடிச்சுக் கதவைத் திறந்துட்டான். கையில காயம் கூட இல்ல."

அக்கா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். பதினோரு வருஷம் எழுதிய கை.

"கையை நீட்டாம போக வழியே கிடையாதா?"

"இருக்கு" என்றான் பூட்டு. தரையைப் பார்த்துச் சொன்னான். "A-க்குப் பதிலா J. அதைப் போட்டா வாட்ச்மேன் வெறும் நடைபாதை. கையெழுத்து அங்க நிக்காது, லேப்டாப்பே கிடங்கோட நேரா பேசிக்கும். தாளை மாத்தணும்னு இருந்தேங்க. தள்ளிப் போயிடுச்சு."

"ஒரு எழுத்து" என்றான் ரீல். "எங்க கடையில சைஸ் சீட்டுல ஒரு எழுத்து மாறினா சட்டை பத்தாது. இங்க மானம் பத்தல."

"அந்தக் கையை யார் வேணாலும் பிடிக்கலாமா?" என்று கேட்டாள் அண்ணி.

"இல்லைங்க. ஒருத்தர் இணைப்பை இன்னொரு புரோகிராமர் தொட முடியாது. வாட்ச்மேனுக்கு மாஸ்டர் பாஸ்வேர்ட் இருக்கு. அது இருந்தாத்தான் முடியும்."

"எத்தனை பேர்கிட்ட?"

"ரெண்டு. என்கிட்ட ஒண்ணு. முதலாளிகிட்ட ஒண்ணு."

ரீலின் கண்ணில் கடைத் திறப்பு விழா வெளிச்சம் வந்தது.

*

முதலாளியின் அறைக்குப் போகும் படியில் ரீல் வழக்கை முடித்துவிட்டான்.

"தானே புரோகிராமை வித்துட்டு, தானே கத்தறார். பங்குதாரருக்குத் தெரியாம சரக்கை வெளிய தள்ளறவன் முதல்ல பண்ற வேலை, கணக்கப்பிள்ளையைத் திருடன்னு சொல்றது. எங்க தெருவுல மூணு கடை இப்படித்தான் பணக்காரக் கடை ஆச்சு."

"நாலாவது கடை உங்களோடதா இருந்திருக்கணுமே, கொழுந்தனாரே."

"எங்க முதலாளிக்கு அவ்வளவு மூளை இல்ல அண்ணி."

இந்த முதலாளிக்கும் இல்லை என்பது மூன்று நிமிஷத்தில் தெரிந்தது.

"மாஸ்டரா?" என்றார் அவர். அறுபது வயது, கண்ணாடியைத் தேடிக்கொண்டே பேசுகிறவர். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. "ஒரு கவர் கொடுத்தான் அந்தப் பையன். அவசரம்னா பிரிங்கன்னான். நான் போனைத் திறக்கறதுக்கே பொண்ணைக் கூப்பிடற ஆள். அதைப் பிரிச்சு என்ன பண்ணப் போறேன்?"

பீரோவைத் திறந்து கவரை எடுத்துப் போட்டார். ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்து, அதன் மேல் டேப். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. டேப் பழுப்பேறி, ஓரத்தில் தூசு பிடித்திருந்தது. அண்ணி கவரை வெளிச்சத்தில் பிடித்தாள். ரீல் நகத்தால் டேப்பைச் சுரண்டினான். துணியானாலும் டேப்பானாலும் ஒரு தடவை பிரித்து ஒட்டியதை அவன் நகம் சொல்லிவிடும். நகம் உதட்டைப் பிதுக்கியது.

"பிரிக்கல அண்ணி" என்றான், சொந்தக்காரர் இறந்த மாதிரி.

"நீங்க அவளுக்காக வந்தவங்க, தெரியும்" என்றார் முதலாளி. "நாலு மணிக்குள்ள யாரையாவது காட்டுங்க. கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன். முதல் பெட்டிக்கு அவதான் எழுதினா. என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில உக்காந்து எழுதினா. அவ இல்லைன்னு ஒரு துண்டுச் சீட்டுக் கொடுங்க, போதும்."

அவரிடம் இருந்தது வேறு சீட்டு. செவ்வாய்க்கிழமை வாட்ச்மேன் பதிவேடு, ஒன்பது பக்கம். புதன்கிழமை காலையில், போலீசுக்குத் தேவைப்படும் என்று, பூட்டின் முதுகுக்குப் பின்னால் நின்று பிரிண்ட் எடுக்கச் சொன்னது. அண்ணி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

*

கேன்டீனில் ஆள் இல்லாத மேஜை. மணி இரண்டரை.

"சாயங்காலம் ஏழு மணிக்கு வாட்ச்மேன் எல்லாரையும் வெளிய தள்ளிடும்" என்றாள் அக்கா. "அப்புறம் காலையிலதான் திறக்கும். உள்ள வரும்போது ஒரு வரி, வெளிய போகும்போது ஒரு வரி. யார், எத்தனை மணின்னு. இதுல பாக்க ஒண்ணும் இல்ல அண்ணி. மாஸ்டர் பேர்ல யாரும் உள்ள வரல. உள்ள வந்த வரியை நாங்க எல்லாரும் பாத்துட்டோம்."

"பாத்தீங்க. எண்ணினீங்களா?"

"எதுக்கு எண்ணணும்?"

"ஆடிட்ல எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். நான் படிக்கமாட்டேன், எண்ணுவேன். உள்ள வந்ததை நீங்க எண்ணுங்க. வெளிய போனதை நான் எண்ணறேன்."

இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பென்சில் எடுத்துக்கொண்டார்கள். ரீல் டீ வாங்கி வந்து வைத்தான். ஆறியது. வேறு வாங்கி வந்தான்.

"அண்ணன்கிட்ட நீங்க இப்படி ஒரு நாள் உக்காந்து எண்ணியிருந்தா, அவர் வீட்டுக்குள்ள வந்ததை விட வெளிய போனதுதான் அதிகமா இருக்கும்."

"பேசாதே. அறுபத்தி நாலு."

மூன்று பத்துக்கு அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். "நூத்திப் பதினாறு."

அண்ணி வைக்கவில்லை. கடைசிப் பக்கத்திலிருந்து மறுபடி மேலே போனாள். இன்னொரு தடவை கீழே வந்தாள்.

"நூத்திப் பதினேழு" என்றாள்.

"தப்பா எண்ணியிருப்பீங்க."

"மாத்திக்கலாம்."

பக்கங்களை மாற்றிக்கொண்டார்கள். உள்ளே வந்தவர் நூற்றுப் பதினாறு. வெளியே போனவர் நூற்றுப் பதினேழு.

"அண்ணி, உள்ள வந்த ஆள் வெளிய போகாம இருக்கலாம்" என்றான் ரீல். "தூங்கியிருப்பான். உள்ளயே வராத ஆள் எப்படி வெளிய போவான்?"

"வந்திருக்கான். வந்த வரியை அழிச்சிருக்கான்" என்றாள் அண்ணி. "அழிக்கணும்னா உள்ள இருந்துதான் அழிக்கணும். அழிச்சுட்டுக் கிளம்பினான். கிளம்பும்போது வாட்ச்மேன் அவன் முதுகுக்குப் பின்னால ஒரு வரி எழுதிடுச்சு. அதை அழிக்கத் திரும்ப உள்ள வரணும். வந்தா திரும்ப வெளிய போகணும். எத்தனை தடவை துடைச்சாலும் கடைசியா ஒரு கால் தடம் வாசல்ல நிக்கும்." அவள் ஆறாவது பக்கத்தைத் திருப்பி வைத்தாள். "ஜோடி இல்லாத வரி இது. ஒண்ணு ஐம்பத்தி மூணு. பேர் போடற இடத்துல பாருங்க."

அங்கே மாஸ்டர் என்பதற்கான நாலெழுத்து இருந்தது.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் கவரைப் பிரிக்கல" என்று ஆரம்பித்தான் ரீல். "அப்போ..." அதற்கு மேல் அவனிடம் துணி இல்லை.

அக்கா அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

"ஆனா அவன் வீட்டுல இருந்தான்" என்றாள்.

"வீட்டுல லேப்டாப் இருக்கா?"

"இருக்கு." அந்த வரியைப் பார்த்தபடியே, "காய்ச்சல் நிஜம் அண்ணி. நெத்தியைத் தொட்டுப் பாத்தேன். கொதிச்சுது."

"இருக்கும். நிஜமான காய்ச்சல்லயும் மனுஷன் வேலை பாக்கறான்."

"கிடங்குக்கு அவனுக்குச் சாவி கிடையாது. கோட் எழுதறவங்களுக்குத்தான். யாராவது ஒருத்தர் கை வேணும். சாப்பாட்டு நேரத்துல திறந்திருந்தது என்னோடது மட்டும்தான். நான் சோதனை ஓட்டப் போறேன்னு காலையில மாத்திரை கொடுக்கும்போது நான்தான் அவன்கிட்டச் சொன்னேன்." யாருக்கோ பாடம் நடத்துவதுபோல் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். "நான் தினம் நாப்பது தடவை கிடங்குக்குப் போவேன். அதுல இதுவும் ஒண்ணா கரைஞ்சுடும்னு நினைச்சிருப்பான். முழு நகல் எடுத்தா கிடங்குக்காரன் முதலாளிக்கு மெயில் போடுவான்னு அவனுக்குத் தெரியாது. என்னை மாட்டிவிடணும்னு பண்ணியிருக்கமாட்டான்."

"பெரிய கம்பெனி வேலைன்னு சொன்னீங்களே. அதுக்கு இதுதான் நுழைவுக் கட்டணமா?"

அக்கா டீயைத் தள்ளி வைத்தாள். ஒன்பது தாள்களையும் ஒழுங்காக அடுக்கி, ஓரம் தட்டி, அண்ணியின் கைப்பைக்குள் அவளே வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

"உங்களைக் கூப்பிட்டது நான்தானே அண்ணி?"

"நீங்கதான்."

"அப்போ நீங்க கண்டுபிடிச்சது என் சரக்கு. நான் சொல்லாம நீங்க அதை யார்கிட்டயும் பிரிச்சுக் காட்டக் கூடாது."

இருபது வருஷத்தில் எத்தனையோ முதலாளிகள் அண்ணியிடம் இதே பேச்சைப் பேசியிருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல அவளிடம் நூறு பதில் உண்டு. இந்த மேஜையில் ஒன்றுகூடச் செல்லவில்லை.

"அவனுக்கு முப்பது வயசு" என்றாள். "நீங்க கை நீட்டினது போதும்."

"அவன் சொல்லட்டும். அவனா சொன்னா நான் தடுக்கமாட்டேன்."

*

நாலுக்குக் கால் மணி முன்னால் அண்ணி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள். பூட்டு பதினாலு தாள்களைப் புதிதாக அச்சடித்து வைத்திருந்தான். எல்லாவற்றிலும் A போய் J வந்திருந்தது.

"சீக்கிரம் மாத்திட்டீங்க" என்றாள்.

அவன் நிமிரவில்லை.

"செவ்வாய்க்கிழமை எத்தனை பேர் உள்ள வந்தாங்க, எத்தனை பேர் வெளிய போனாங்கன்னு எண்ணிப் பாத்தீங்களா?"

அவன் முகத்தில் முதலில் வந்தது பயமில்லை. கணக்கு. இருநூற்றுச் சொச்சம் வரிகளை மனசுக்குள் ஓட்டி, எங்கே தவறினோம் என்று தேடுகிற வேலைக்காரனின் கணக்கு. பயம் அதற்கு அப்புறம் வந்தது.

"அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"மிச்சத்தை அவங்கதான் எனக்குச் சொன்னாங்க."

அச்சு மெஷின் இன்னும் ஒரு தாளைத் துப்பியது. அதை அவன் எடுக்கவில்லை.

"நாலு மணிக்கு நானே சொல்லிடறேங்க" என்றான். "அக்காவைப் பேச விடமாட்டேன்."

"அக்கா அதுக்குத்தான் காத்திருக்காங்க."

வெளியே வந்ததும் ரீல் கேட்டான்: "சொல்வானா அண்ணி?"

"சொல்வான்."

"வாடிக்கையாளர் 'நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்'னு சொல்லும்போது எங்க முதலாளி இப்படித்தான் தலையாட்டுவார்."

நாலு மணிக்கு முதலாளியின் அறையில் ஐந்து பேர். மேஜை மேல் ஒரு தாள், ஒரு பேனா. முதலாளி முதலில் அண்ணியைப் பார்த்தார். யாரையாவது காட்டுவாள் என்று உண்மையிலேயே ஆசைப்பட்ட பார்வை. அண்ணியின் கைப்பை அவள் மடியில் இருந்தது. ஜிப் மூடியிருந்தது. அவள் விரல்கள் அதன் மேல் இருந்தன.

"ஏதாவது கிடைச்சுதா?"

அண்ணி அக்காவைப் பார்த்தாள். அக்கா தம்பியைப் பார்த்தாள்.

பூட்டு சுவர்க் கடிகாரத்தின் கீழே நின்றிருந்தான். உதடு இரண்டு தடவை அசைந்தது. தொண்டையைச் செருமினான். எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அப்போது அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வெளிநாட்டு எண். அதைப் பார்த்தான். அணைத்துப் பைக்குள் போட்டான். அதற்கு அப்புறம் தரையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

அக்கா முழுசாக ஒரு நிமிஷம் காத்திருந்தாள். ரீல் அதைக் கடிகாரத்தில் பார்த்தான். முள் அறுபது தடவை நகர்ந்தது.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் அக்கா.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். ஏன் என்று கேட்கவில்லை. பேனாவை அவள் பக்கம் தள்ளும்போது அது கீழே உருண்டது. பூட்டு குனிந்து எடுத்து அக்காவிடம் நீட்டினான். அவள் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் கட்சிக்காரியின் சரக்கைத் திருடியவள் ஆவாள். பேசாததால் என்ன ஆனாள் என்பதற்கு அவளுக்குப் பேர் தெரியவில்லை.

*

வரவேற்பறை நோட்டில் மூன்று பேரும் வெளியேறும் நேரம் எழுதினார்கள். காலையில் மூன்று, மாலையில் மூன்று. அக்கா கழுத்துப் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

"அவனுக்குச் சாயங்கால மாத்திரை ஞாபகப்படுத்தணும்" என்றாள், தனக்குள். பிறகு அவன் வாய் திறக்காதது நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

ரீல் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பேசாமல் இருப்பது அண்ணிக்குப் பழக்கமில்லை.

"ஏதாவது பேசு."

"அந்தத் தாளை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதா அண்ணி?"

"அவங்களே நான்தான்னு சொன்ன பிறகு, இது ஒன்பது பக்கக் காகிதம்."

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணி பழைய ஆடிட் நோட்டைத் திறந்தாள். ஒவ்வொரு வழக்கையும் அதில்தான் முடித்து வைப்பாள். எழுதினாள்:

உள்ளே வந்தவர்: 116.

வெளியே போனவர்: 117.

வித்தியாசம்: 1.

யார் செய்தது: தெரியும்.

யார் பேரில் எழுதியது: அக்கா.

வசூல்:

அந்த வரிக்கு எதிரில் பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். மை ஒரு புள்ளியாக ஊறியது. அதற்கு மேல் எதுவும் எழுதாமல் நோட்டை மூடினாள்.